மூன்று சென்ட்டில் எத்தனை கோழி வளர்க்கலாம்?

கைப்பேசியைத் திறந்தால் ஒரு கிராமம் வருகிறது. ஓட்டு வீடு, திண்ணை, பின்பக்கம் அவரைப் பந்தல், முற்றத்தில் நாலு நாட்டுக்கோழி. பின்னணியில் மெல்லிய பாட்டு. பெங்களூரில் கணினி வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து புத்தகம் படிக்கிறார். “இதுதான் வாழ்க்கை, எல்லோரும் கிராமத்துக்குத் திரும்புங்கள்” என்கிறார். லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளும் அதற்கு இதயக்குறி போடுகிறார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, ஒரே ஒரு கேள்வி. அந்தக் காணொளியில் காலனி எங்கே இருக்கிறது?

தோட்டம், கோழி, பாட்டு, புத்தகம். இந்த நாலையும் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. நாலும் நமக்கு வேண்டும். கோழி வளர்ப்பதும் செடி வைப்பதும் அரசியல் இல்லை, அதெல்லாம் வீட்டு வேலை என்று நினைக்கிற தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கிராமத்தில் நிம்மதி தானாக முளைத்துக் கிடக்கிறது, போய்ப் பறித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்கிறார்களே, அந்தப் பொய்யோடு அதைவிடப் பெரிய சண்டை.

இந்த விவாதம் பழையது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், கிராமத்தை அரசியல் சட்டத்தின் அடிப்படை அலகாக வைக்கச் சொன்னவர்களைக் கடுமையாக மறுத்தார். தனிமனிதரையே அலகாகக் கொண்டிருப்பதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். கிராமம் பற்றி அவர் சொன்ன வசவு நம் மேடைகளில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு, “அதனால் கிராமத்தை விட்டு வெளியேறு” என்று முடித்துவிடுகிறோம். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 31 விழுக்காடு, அரியலூரில் 23 விழுக்காடு. மாநில சராசரி 20. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறவர்கள்கூட ரேஷன் அட்டையையும் கிழவன் கிழவியையும் இங்கேதான் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வருகிறார்கள், வேலை போனால் வருகிறார்கள், செத்தால் வருகிறார்கள். இத்தனை பேரைப் பார்த்து மூட்டை கட்டு என்று சொல்வது ஒரு தீர்வா?

அந்த நாலு சுகமும் யாருக்கு எப்படி மறுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள நம் மாவட்டங்களை விட்டுக் கொஞ்சம் தெற்கே போக வேண்டும். 1931 ஜூனில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மேல் பதினொரு தடைகளை விதித்தார்கள். முந்தைய டிசம்பரில் போட்ட எட்டுத் தடைகள் போதவில்லையாம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அந்தப் பட்டியலைப் பதிந்து வைத்திருக்கிறார். நகை, சேலை, பித்தளைக் குடம் பற்றியதெல்லாம் நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். மற்றவற்றைப் பாருங்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கே விற்க வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. மழைத் தண்ணீரில் எதையாவது விளைவித்தாலும் விளைந்ததும் கொள்ளையடிக்கப்படும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலிவேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

செடி, பாட்டு, படிப்பு, அதற்கான நேரம். காணொளிக்காரர் சுகம் என்று காட்டுகிற எல்லாமே அந்தப் பட்டியலில் தடையாக இருக்கிறது. கோழியை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது சொத்தாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

இன்றைக்கு யாரும் பட்டியல் போட்டுத் தண்டோரா அடிப்பதில்லை. தேவையும் இல்லை. அந்த வேலையை சென்ட் கணக்கே செய்துவிடுகிறது.

கிராமத்தில் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுக்கும் இலவச வீட்டுமனை அதிகபட்சம் 3 சென்ட். ஒரு சென்ட் என்றால் 435 சதுர அடி, மூன்று சென்ட் என்றால் சுமார் 1,300. கலைஞர் கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி. முதல் வீடு கட்டியதும் மிச்சம் 900 சொச்சம் இருக்கிறதே, தோட்டம் போட வேண்டியதுதானே என்று அதிகாரி கேட்பார். கழிப்பறை, துணி துவைக்கிற கல், விறகு, ஆட்டுக் கொட்டகை, நடைபாதை எல்லாம் அதற்குள்தான். அப்புறம் மூத்தவனுக்குக் கல்யாணம், ஒரு கொட்டகை இறங்கும். இளையவனுக்குக் கல்யாணம், இன்னொன்று. வாழாமல் திரும்பி வந்த மகளுக்கு ஒரு சாய்ப்பு. இருபது வருடத்தில் கொல்லை என்று ஒன்று இருந்த இடமே தெரியாது. ஊர்த்தெரு பெருகினால் அது தன் சொந்த வயலில் பெருகும். காலனி பெருகினால் தன் சமையலறைக்குள்ளேயே பெருக வேண்டும். ஆதிதிராவிடருக்கு மனை எடுப்பதற்கென்றே 1978இல் தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. பாட்டனுக்குக் கொடுத்த அந்த மனையை நம்பியே பேரனும் இருக்க வேண்டும் என்றால் எப்படி?

இந்த இடுக்கிலும் நம் பெண்கள் செடி வைக்காமல் இல்லை. கிழிந்த சிமெண்ட் சாக்கில் கத்தரி, கூரைமேல் ஏறிய சுரைக்கொடி, குழாயடிச் சகதியில் ஒரு வாழை, வாசலில் முருங்கை. சின்ன வெங்காயம் அறுக்கவும் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கவும் பருத்தி எடுக்கவும் அந்தக் கைகள்தான் போகின்றன. செட்டிகுளம் பக்கத்து வெங்காயக் காட்டின் ஈரப்பதம் அந்த அம்மாக்களுக்குக் கை வைத்தாலே தெரியும். விவசாயம் தெரியாதவர்கள் என்று அவர்களுக்கே வகுப்பெடுக்க வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கோழிக்கு வருவோம். ஒரு நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு அடை உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் போக நாலைந்து தேறினால் பெரிய விஷயம். வெயில் காலத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் தெருவே ஒரு வாரத்தில் காலி. தடுப்பூசி இருக்கிறது, கால்நடைத்துறை முகாமும் நடத்துகிறது. ஆனால் முகாம் பெரும்பாலும் ஊருக்குள், பகலில், நம் பெண்கள் காட்டு வேலையில் இருக்கும் நேரத்தில். இத்தனையும் தாண்டி வளர்ந்த சேவலை விற்ற காசு வீட்டில் பெண்ணின் கையில் நிற்கிற காசு. புருஷன் கேட்க முடியாது, கடன்காரன் எழுதி வைக்க முடியாது. பிள்ளையின் தேர்வுக் கட்டணம் எத்தனை வீட்டில் பஞ்சாரத்துக்குள்ளிருந்து வந்திருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆயாவிடம் கேட்டால் இன்னும் சொல்லும்.

அரசுத் திட்டங்களில் குஞ்சுகளை மொத்தமாகக் கொடுக்கிறார்கள். கோழி மேய இடம் வேண்டுமே, அதை யார் கொடுப்பது? கோழிக்கு ஊர் எல்லை, சேரி எல்லை தெரியாது. அடுத்தவன் காட்டில் கால் வைத்துக் கிளறிவிட்டால் முதலில் கல் வரும், பிறகு வசவு வரும். அந்த வசவு கோழியைத் திட்டுவதில்லை, சாதியைத் திட்டும். இதைச் சின்னத் தகராறு என்று காவல் நிலையத்தில் பேசி அனுப்பிவிடுவார்கள். பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். 2015 திருத்தத்துக்குப் பிறகு 3(1)(ஜி) பிரிவு என்ன சொல்கிறது என்பது தெரியுமா? பட்டியல் சாதியினரின் நிலம், வளாகம், நீர் உரிமையில் குறுக்கிடுவதும், அவர்கள் பயிரை அழிப்பதும், விளைச்சலை எடுத்துப் போவதும் குற்றம். 1931இல் ராமநாதபுரத்தில் கட்டளையாகப் போட்டதை நம் சட்டம் குற்றமாக எழுதியிருக்கிறது. பிடுங்கி எறியப்பட்ட சுரைக்கொடிக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று வாதாட நம்மில் எத்தனை பேர் தயார்?

3 சென்ட் என்பது ஏதோ இயற்கை விதி இல்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தில், குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமை கிடைத்தது. தென்னை, வாழை, கோழி என்று ஒரு குடும்பம் மூச்சுவிட அது இடம் தந்தது. அதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. குடியிருப்பு நிலத்தோடு தங்களை நிறுத்திவிட்டார்கள், விளைநிலம் வேறு யாருக்கோ போய்விட்டது என்று 2007இல் செங்கறையில் தலித்துகள் தோட்டத்துக்குள் குடியேறிப் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். நமக்கோ அந்தப் பத்துமே வரவில்லை. கொல்லையும் கேட்க வேண்டும், வயலும் கேட்க வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க விடக் கூடாது. நிலம் வாங்கத் தாட்கோ மூலம் பெண்களுக்கு ஐந்து லட்சம் வரை மானியம் தரும் நன்னிலம் திட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் காலனிக்காரிக்கு நிலத்தை விற்றால் சொந்தச் சாதிக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசிக்கிற ஊரில், மானியம் மட்டும் நிலமாக மாறிவிடாது.

அடுத்தது பாட்டு. பறை இன்று கல்லூரி விழாவில் ஒலிக்கிறது, போராட்ட மேடையில் ஒலிக்கிறது. 2025இல் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. அதே நேரம், சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்துவிட்டு அதற்காக அடி வாங்கிய தலைமுறையும் நம்முடையதுதான். இரண்டுக்கும் முரண் இல்லை. மேடையில் நான் விரும்பி அடிக்கிறேன், ஊர்ச் சாவுக்கு என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட முடியாது. கட்டாய வேலை வாங்குவது அதே சட்டத்தின் 3(1)(ஹெச்) பிரிவில் குற்றம். ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் குழாய் ஒலிபெருக்கி அலறினால் பக்தி, ஏப்ரல் 14 அன்று நாம் ஒரு பாட்டுப் போட்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. நம் பக்கத்துத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பறை மட்டும்தான் நம் இசை என்று யார் முடிவு செய்தது? காலனியில் ஒரு பெண் வயலினோ கீபோர்டோ கற்க ஆசைப்பட்டால் அதுவும் விடுதலைதான்.

புத்தகம். வாசிப்பு நமக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை. 1893இலேயே இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று தலைநிமிர்ந்த பெயரில் பத்திரிகை நடத்தினார். 1907இல் அயோத்திதாசரின் பத்திரிகை வந்தது. இன்று பிரச்சினை வேறு. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது? நூலகச் சட்டத்தை விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலில், 1948இல் கொண்டுவந்தது இந்த மாநிலம்தான். சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறார்கள், காலனி வீடும் கட்டுகிறது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல இடங்களில் பூட்டுத் தொங்குகிறது. திறந்திருக்கும் இடத்திலும் அது ஊருக்குள் இருந்தால், சாயங்காலம் ஆறு மணிக்குக் காலனிப் பெண்பிள்ளை அந்தத் தெருவைத் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கியவர். தன் மதிப்பெண்ணை செல்லாக் காசாக்கிய நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவர் பெயரில் இன்று குழுமூரில் ஒரு நூலகம் இருக்கிறது. செந்துறைப் பக்கம் போகிறவர்கள் அங்கே போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்துவிட்டு வாருங்கள். பக்கத்திலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளோடு பேசுங்கள். அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவதைவிட அது உருப்படியான வேலை.

நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். எறையூரில் காலணித் தொழிற்சாலை வந்திருக்கிறது, நம் பெண்கள் பேருந்தில் போகிறார்கள், மாதச் சம்பளம் வருகிறது. வரவேற்கிறேன். காட்டுக் கூலிக்குக் கை கட்டி நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் போய்வந்து சோறாக்கிப் பாத்திரம் கழுவிய பிறகு அந்தப் பெண்ணுக்குப் பாட்டுக் கேட்கவும் இரண்டு பக்கம் படிக்கவும் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? போராளியாக இருக்கும் தம்பியே, உன் வீட்டில் கோழியைப் பஞ்சாரத்தில் அடைப்பது யார்? செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

மாணவர்களுக்கு ஒரு வேலை. வாசிப்பு வட்டம் ஆரம்பிக்கிறீர்கள், மகிழ்ச்சி. முதல் கூட்டத்துக்கு உங்கள் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டை எடுத்து வாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். 1892 ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் உங்கள் கிராமத்தில் இருந்தால், டி.சி. நிலம் என்ற குறிப்பு அதில் இருக்கலாம். அந்த நிலத்தை வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இப்போது யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று பாருங்கள். இதைக் கேட்டுத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். பதிவேட்டைப் படித்த பிறகு காலனியில் ஒவ்வொரு மனையையும் நாடா பிடித்து அளந்து, ஒரு பட்டாவில் எத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று எழுதுங்கள்.

அந்தத் தாளோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். மூன்று கோரிக்கை போதும். பிரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி மனை, அதுவும் 3 சென்ட்டாக இல்லாமல் 10 சென்ட்டாக. காலனிக்குள் ஒரு நூலகம், இரவு ஒன்பது மணி வரை விளக்கோடு. கோழித் தடுப்பூசி முகாம் காலனியில், காலை ஆறு மணிக்கு. மூன்றாவதைக் கேட்டதும் கூட்டத்தில் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் அதையும் எழுத வைத்து, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.