சிறு தீப்பொறியும் நற்பெயரும்



நாவைத் தீப்பொறிக்கு ஒப்பிட்டு எச்சரிக்கிறார் புனித யாக்கோபு (யாக் 3). இந்த ஒப்புமையை விருதுநகர் மாவட்ட மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறையில் ஏற்படும் சிறு உராய்வு எத்தனை குடும்பங்களை அழித்துவிடும் என்பதைச் சிவகாசியும் சாத்தூரும் வெம்பக்கோட்டையும் கண்ணீரோடு அறிந்திருக்கின்றன. ஆனால் கைப்பேசியில் நாம் அனுப்பும் ஒரு செய்தியும் அப்படிப்பட்ட தீப்பொறிதான் என்பதை நாம் போதிய அளவு உணர்ந்திருக்கிறோமா?

2021 தீபாவளிக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது. இந்தியர்களுக்கு ஆஸ்துமாவும் கண்நோயும் வரவேண்டும் என்பதற்காகவே சீனா சிறப்புப் பட்டாசுகளை அனுப்புகிறது என்றும், உள்துறை அமைச்சக அதிகாரி ஒருவரே இப்படி எச்சரித்துள்ளார் என்றும் அது கூறியது. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. சீனப் பட்டாசுக்கு எதிரான செய்திதானே, நம் ஊர்த் தொழிலுக்கு நன்மைதானே என்று எண்ணத் தோன்றும். நமக்குச் சாதகமான பொய்யும் பொய்தான். மேலும், பட்டாசுப் புகை என்றாலே நஞ்சு என்னும் அச்சம் மக்கள் மனதில் விழுந்துவிட்டால், அது சிவகாசிப் பெட்டி, சீனப் பெட்டி என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

பெயரைத் திருடுவது இன்னொரு வகைத் தீமை. இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்தது. ஆயினும் சிவகாசியின் பெயரைச் சொல்லி, கவர்ச்சியான தள்ளுபடியுடன் போலி இணையதளங்கள் முளைக்கின்றன. 2024 தீபாவளிக்கு முன் தமிழகக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு இவை குறித்து எச்சரிக்கை விடுத்தது. பணம் போய்ச் சேர்கிறது, பெட்டி வருவதில்லை. ஏமாந்தவர் எங்கோ இருக்கும் மோசடிக்காரரைத் திட்டுவதில்லை. "சிவகாசிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்றுதான் சொல்கிறார். 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் காலம் முதல் உழைத்துச் சேர்த்த பெயர் இது. இத்தகைய மோசடிக்கு ஆளானோர் 1930 என்ற எண்ணில் உடனே புகார் அளிக்கலாம். பெயரை இழந்த வணிகரும் வாளாவிருக்காமல் புகார் அளிப்பது நல்லது.

ஆனால் நம் பெயருக்கு வந்த பழி எல்லாமே பிறர் சுமத்தியதா? நேர்மையாகச் சிந்திப்போம். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்தது குறித்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்திற்குப் புறம்பாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அது அவதூறு அல்ல, நடந்த உண்மை. 2021 அக்டோபர் 29 அன்று அதே நீதிமன்றம், பசுமைப் பட்டாசு என்ற போர்வையில் தடை செய்யப்பட்ட வேதிப்பொருள்கள் பயன்படுத்தப்படுவதைக் கண்டித்தது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு பொய் சொன்னால், எத்தனை விளம்பரம் செய்தாலும் பெயர் நிற்காது. உள்ளே இருக்கும் மருந்தும் வெளியே இருக்கும் எழுத்தும் ஒன்றாய் இருப்பதே நற்பெயர்.

திருச்சபையின் மறைக்கல்வி, எட்டாம் கட்டளையை விளக்கும்போது மூன்று பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது (எண் 2477). போதிய ஆதாரமின்றிப் பிறரைத் தவறாக எண்ணுவது முதலாவது. பிறருடைய உண்மையான குறையைத் தக்க காரணமின்றி வெளியிடுவது இரண்டாவது. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. இரண்டாவதில் வரும் "தக்க காரணம்" என்பதைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டுப் பெண்ணின் குடும்பச் சிக்கலைக் குழுவில் பகிர்வதற்குத் தக்க காரணம் ஏதுமில்லை. ஆனால் ஓர் ஆலையில் அனுமதிக்கு மேல் ஆட்களை அமர்த்தி, மரத்தடியில் வைத்து மருந்து செலுத்துகிறார்கள் என்று தொழிலாளி அதிகாரியிடம் சொல்வது புறணி அல்ல, உயிர் காக்கும் கடமை. "ஆலையின் பெயர் கெட்டுவிடும்" என்று அவர் வாயை அடைப்பதுதான் பாவம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்திலும் மாண்டவர்களை நினைத்தால், எது பெரிது, பெயரா உயிரா என்ற கேள்விக்கே இடமில்லை.

இறந்தோருக்கும் மாண்பு உண்டு. வெடிவிபத்தில் கருகிய உடல்களைப் படமெடுத்துப் பரப்பும்போது, அந்தத் தாயின் பிள்ளைகள் அப்படத்தை எத்தனை ஆண்டுகள் காண வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம்.

தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவை நினைவுகூர்வோம். மதிப்புமிக்க முதியோர் இருவர் சொன்னார்கள் என்பதற்காக மக்கள் கூட்டம் அப்படியே நம்பியது. இளைஞரான தானியேல் மட்டும் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டார். பதில்கள் மாறுபட்டன. ஒரு பெண்ணின் உயிரும் பெயரும் தப்பின. ஒரு செய்தியை அனுப்புமுன் தானியேலின் கேள்வியை நாமும் கேட்போம். யார் பார்த்தார்கள்? எங்கே? எப்போது? போலிச் செய்திகளைப் பற்றி 2018ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் எச்சரித்ததும் இதற்காகவே.

இறுதியாக, ஈடுசெய்தல். பிறர் பெயரைக் கெடுத்தவர் ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்றாலும், கெடுத்த பெயரைச் சரிசெய்யும் கடமை அவருக்கு உண்டு என மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2487). பொய்யை எந்தக் குழுவில் அனுப்பினோமோ, அதே குழுவில் "அது தவறு" என்று எழுதுவதே இன்றைய ஈடு. அழித்துவிட்டு அமைதியாக இருப்பது போதாது.

நம் பங்குகளில் அன்பியக் கூட்டங்களும் இளையோர் குழுக்களும் இதைக் கலந்து பேசட்டும். நம் விரல் நுனியில் இருக்கும் பொறி பிறர் வீட்டை எரிக்காமல், பிறருக்கு ஒளி தரும் விளக்காகட்டும். அதற்கான அருளை இறைவனிடம் மன்றாடுவோம்.