சார்ஜரைப் பராமரிப்பது யார் பொறுப்பு?

2025 மார்ச் தொடக்கத்தில், ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஒப்பந்தப் பணியாளர்களையும் குறைக்கப்போகிறது என்ற செய்தி வெளியானது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 நவம்பரிலும் ஏறத்தாழ ஐந்நூறு பேர் நீக்கப்படுவதாகச் செய்தி வந்திருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வைத்திருக்கும் நிறுவனம் என்பதால், தமிழ்நாட்டில் இது வேலையிழப்புச் செய்தியாகவே படிக்கப்பட்டது. அப்படிப் படித்ததில் தவறில்லை. ஆயினும், ஆட்குறைப்பு நடக்கும் பிரிவுகள் என்று சொல்லப்பட்டவற்றில் கொள்முதலோடும் வாடிக்கையாளர் தொடர்போடும் சார்ஜிங் கட்டமைப்பும் இருந்தது. அதைப் பலர் கவனிக்கவில்லை. ஒரு ஸ்கூட்டர் ஆலையில் ஆளைக் குறைத்தால் வண்டிகள் குறைவாக உற்பத்தியாகும், அந்த நிறுவனத்தின் விற்பனை குறையும். சார்ஜிங் பிரிவில் குறைத்தால், ஏற்கெனவே பணம் கொடுத்து வண்டி வாங்கியவர் வழியில் நிற்பார். வரிப்பணத்திலும் பொது நிலத்திலும் சார்ஜர்கள் எழும் இந்த நாட்டில், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதையும் அரசு உதவியின் நிபந்தனையாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சார்ஜரை நட்டுவிட்டால் அது தானே இயங்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் பெட்ரோல் பங்கைவிட அதற்குக் கவனிப்பு அதிகம் வேண்டும். பங்கில் குழாயைப் பிடிக்க ஒருவர் எப்போதும் நிற்கிறார், பழுது வந்தால் அவர் கண்ணில் உடனே படும். சார்ஜிங் நிலையத்தில் பெரும்பாலும் ஆள் கிடையாது. நாளெல்லாம் செருகி உருவுவதால் சார்ஜிங் கன்னின் முனைகள் தேய்கின்றன. நெடுஞ்சாலைத் தூசி ஃபேன் ஃபில்டரை அடைக்கிறது, வெப்பம் கூடி இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் மின்கசிவுப் பாதுகாப்பு டிரிப் ஆகிறது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் உள்ளே உள்ள சிம் கார்டுக்கு சிக்னல் போய்விட்டால் பணம் கட்ட முடியாது. பணம் கட்ட முடியாவிட்டால் மின்சாரம் வராது. புதிய மாடல் கார் வரும்போது அதன் மென்பொருளும் சார்ஜரின் மென்பொருளும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருவர் சோதிக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் தாமல் ஏரி போன்ற பெரிய ஏரி நிரம்பியிருந்தாலும், மதகைத் திறந்து மூடவும் கால்வாயைத் தூர்வாரவும் ஆள் இல்லையென்றால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது. சார்ஜிங் வலையமைப்பும் அப்படித்தான்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பொது விரைவு சார்ஜர்களை 2022இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரில் சென்று சோதித்தார்கள். 657 சார்ஜிங் கன்களில் 72.5 சதவீதம் மட்டுமே வேலை செய்தன. உலகின் தொழில்நுட்பத் தலைநகரம் என்று சொல்லப்படும் பகுதியிலேயே, நான்கில் ஒன்றுக்கும் மேல் பயன்படாமல் நின்றது. இன்னும் கடுமையான பாடம் 2024 அக்டோபரில் வந்தது. இத்தாலியின் எனெல் குழுமம், எனெல் எக்ஸ் வே என்ற தன் சார்ஜிங் நிறுவனத்தின் வட அமெரிக்கக் கிளையை மூடியது. வணிக இடங்களில் இருந்த அதன் சார்ஜர்களுக்கு மென்பொருள் ஆதரவு நின்றதும் அவை செயலிழக்கும் நிலைக்கு வந்தன. கேபிள் அறுபடவில்லை, மின்சாரமும் தடைபடவில்லை. பின்னால் இருந்து இயக்கிய மனிதர்கள் போனார்கள், அவ்வளவுதான். விலை கொடுத்து வாங்கிய கடைக்காரருக்கும் அடுக்ககச் சங்கத்துக்கும் மிஞ்சியது ஒரு பெட்டி.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் நிறுத்தப்படுவது டெஸ்லா. 2024 ஏப்ரல் 30 அன்று எலான் மஸ்க் அதன் சூப்பர்சார்ஜர் என்ற சார்ஜிங் பிரிவின் தலைவர் ரெபெக்கா டினுச்சியையும் அவருக்குக் கீழிருந்த ஏறத்தாழ 500 பேர் கொண்ட குழுவையும் ஒரே நாளில் நீக்கினார். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் டெஸ்லாவின் இணைப்பு முறையை ஏற்றுக்கொண்டு ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. நிலம் கொடுத்தவர்களுக்கும் கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கும் யாரிடம் பேசுவது என்றே தெரியாமல் போனது. இருந்தும் வலையமைப்பு சரியவில்லை. 2024இல் சுமார் 10,500 இணைப்புகள் கூடின. “பார்த்தீர்களா, ஆள் குறைந்தும் வேலை நடந்தது” என்பார்கள். இரண்டு உண்மைகளை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு கூடியது 12,000க்கும் மேல். ஆக, வளர்ச்சியின் வேகம் குறைந்தது. அதைவிட முக்கியம், நீக்கிய சில நாட்களிலேயே டெஸ்லா அவர்களில் ஒரு பகுதியினரைத் திரும்ப அழைத்தது. ஆட்கள் தேவையில்லை என்றால் எதற்காக அழைக்க வேண்டும்? தவறைத் திருத்திக்கொள்ளும் அளவுக்குக் கையில் பணமும் பத்தாண்டு அனுபவமும் உள்ள நிறுவனம் தப்பிப் பிழைத்தது. நம் ஊரில் சில நூறு சார்ஜர்களை வைத்து நடத்தும் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. சார்ஜிங் தொழிலில் இன்று லாபம் இல்லை. நாளில் பெரும்பகுதி நேரம் இயந்திரம் சும்மா நிற்கிறது. செலவைக் குறைக்காவிட்டால் நிறுவனமே மூடப்படும், அப்போது எல்லோருக்கும் வேலை போகும். இதை நான் மறுக்கவில்லை. 2025 ஏப்ரலில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, ஜென்சோல் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்ததும், அதன் நிறுவனர்களின் ப்ளூஸ்மார்ட் மின்சார டாக்ஸி சேவை நின்றது. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் பிழைப்பை இழந்தார்கள், தில்லி வட்டாரத்திலும் பெங்களூரிலும் அது அமைத்திருந்த பெரிய சார்ஜிங் மையங்கள் முடங்கின. மூடிப்போவதைவிடச் சுருங்குவது மேல். ஆனால் எங்கே சுருங்குவது? ஓலா 2021இல் சொன்ன கணக்கு 400 நகரங்களில் ஒரு லட்சம் சார்ஜிங் முனைகள். அந்த அறிவிப்பைச் சுருக்கியிருந்தால் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள். விற்ற பின் கவனிக்கும் ஆட்களைச் சுருக்குவது வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அதே நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் 10,644. சேவைக்கு ஆள் போதவில்லை என்று வாடிக்கையாளர்கள் குமுறிக்கொண்டிருந்த நிறுவனம், சில மாதங்களில் வாடிக்கையாளர் தொடர்பிலேயே ஆளைக் குறைத்துவிட்டு, பணிகளைத் தானியங்கி முறைக்கு மாற்றியதாக விளக்கம் சொன்னது. பழுதை எங்கோ ஒரு திரையில் பார்க்கத் தானியங்கி முறை உதவும். தேய்ந்த கன்னை மாற்ற ஒருவர் ஸ்பானரோடு வந்தே ஆக வேண்டும்.

அவர் வராத இடங்கள் எவை என்பதில்தான் சிறிய ஊர்களின் கவலை இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூரு 350 கிலோமீட்டர் அளவு. இன்று ஓடும் மின்சாரக் கார்கள் பலவற்றுக்கு இடையில் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். பாலுச்செட்டிசத்திரம், தாமல், வாலாஜாபேட்டை வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 48இல் ஒரு சார்ஜர் செயலிழந்தால், அடுத்ததற்குப் போகும் தெம்பு பேட்டரியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மின்துறை அமைச்சகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றது. இடையில் ஒன்று பழுதானால் அந்த 25 ஐம்பதாகிவிடும். தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய ஆறையும் மின்வாகன நகரங்களாக வளர்க்கப்போவதாகச் சொன்னது. காஞ்சிபுரம் அதில் இல்லை. நிறுவனம் ஆளைக் குறைக்கும்போது, மீதமுள்ளவர்களை வண்டிகள் நிறைந்த பெருநகரத்தில் நிறுத்துவதுதான் வணிகக் கணக்கு. அந்தக் கணக்கில் தாமலுக்கும் காஞ்சிக்கும் கடைசி இடம்தான் கிடைக்கும். வீட்டிலேயே சார்ஜ் செய்யலாமே என்பவர்கள் காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களை நினைத்துப் பார்க்க வேண்டும். தறி வீட்டின் கூடத்தை எடுத்துக்கொண்டால் வண்டி தெருவில்தான் நிற்கும். வாடகை வீட்டில் வண்டிக்கென்று தனி மின்முனை வைக்க வீட்டு உரிமையாளர் ஒப்ப வேண்டும். பொதுச் சார்ஜரை அதிகம் நம்ப வேண்டியவர்கள், சொந்த கார் நிறுத்துமிடம் இல்லாத இவர்கள்தான்.

அரசு இதுவரை எண்ணிவந்தது இயந்திரங்களை. மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்களுக்காக மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 2023இல் 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி. இலக்கு கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400. எண்ணிக்கைகள் பெரியவை. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அவை வேலை செய்தன என்பதும் இதே எண்ணிக்கைகளுக்குப் பக்கத்தில் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். பிரிட்டன் 2024 நவம்பர் முதல், விரைவு சார்ஜர் வலையமைப்பு ஒவ்வொன்றும் ஆண்டு சராசரியில் 99 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. ஆள் எடுத்துப் பேசும் 24 மணி நேர உதவி எண்ணும் கட்டாயம். அமெரிக்கா தன் கூட்டாட்சி நிதியில் அமையும் சார்ஜர்களுக்கு 97 சதவீதம் என்று விதித்தது. இத்தகைய விதி இருந்தால், பராமரிப்புப் பிரிவில் கை வைக்கும் நிர்வாகி அதனால் இழக்கும் மானியத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்.

இதனால் சிறிய நிறுவனங்கள் நசுங்கும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. 99 சதவீதத்தை நாளைக்கே கேட்க வேண்டாம்; குறைவான அளவில் தொடங்கி ஆண்டுதோறும் உயர்த்தலாம். மானியத்தில் ஒரு பகுதியை நிறுவும்போது தராமல், ஐந்தாண்டுகளுக்குப் பிரித்து, இயங்கிய மணிகளுக்கு ஏற்பத் தரலாம். மின்வெட்டால் நின்ற நேரத்தை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது மின்வாரியத்தின் பொறுப்பு. பொது நிலத்தில் உள்ள சார்ஜரை ஒரு நிறுவனம் கைவிட்டால், அதன் மென்பொருள் உரிமையோடு இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பராமரிப்பு வேலையைச் சென்னையிலிருந்து வண்டி அனுப்பிச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஐடிஐ முடித்த எலெக்ட்ரீஷியன்கள் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறார்கள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்த்துத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து சார்ஜர்களுக்கு ஒருவர் என்று, எந்த நிறுவனத்தின் சார்ஜராக இருந்தாலும் பார்க்கும் உரிமத்தோடு அவர்களை நியமித்து, அதற்கான கட்டணத்தை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். அப்போது ஒரு நிறுவனம் பெங்களூரில் ஆட்குறைப்பு அறிவித்தாலும் தாமலில் உள்ள சார்ஜரைப் பார்க்கும் ஆளுக்கு வேலை இருக்கும். தமிழ்நாடு தன் மின்வாகனக் கொள்கையை அடுத்தமுறை திருத்தும்போது இந்த விதிகளைச் சேர்க்க மத்திய அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கொள்கையின்படி மானியம் தருவது மாநில அரசு, நிபந்தனை வைக்கும் உரிமையும் அதற்கு உண்டு.