வெளிமானுக்கு வெளி வேண்டும்

கோடியக்கரைச் சரணாலயத்துப் புல்வெளியைச் சீமைக் கருவேலத்திடமிருந்து மீட்கும் வேலையை அரசு அரைகுறையாக விடக் கூடாது. 1967-இல் வெளிமான்களுக்காக அமைந்த காப்பிடம் அது. ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு, திறந்தவெளியில் பாய்ந்தோடித் தப்பும் விலங்குக்கு முள்தோப்பு வாழிடமாகாது. அதன் அடியில் புல்லும் மடிகிறது. வறட்சியில் மானுக்குச் சீமைக் கருவேலக் காய் இரையாகிறதே, ஏழைக்கு மரம் விறகாகிறதே என்பார்கள். தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து புல்வெளியெங்கும் முளைப்பதுதான் கேடு. விறகையோ, அகற்றும் மரங்களிலிருந்தே ஊராருக்குக் கொடுக்கலாம். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டை அடுத்த மழையில் துளிர்க்கும். 2022-இல் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்த அரசு, கோடியக்கரையில் மரங்களை வேரோடு பிடுங்கவும், பிறகு ஆண்டுதோறும் கன்றுகளைக் களையவும் தனி நிதி ஒதுக்க வேண்டும்.