நடுநிசியில் ஒரு துளி இரத்தம்

எங்கள் ஆலங்குளத்துச் சந்தையில், வீங்கிய காலை வேஷ்டியால் மறைத்துக்கொண்டு நடந்த முதியவர் ஒருவரை நான் சிறுபிராயத்தில் கண்டதுண்டு. இந்நாளில் அத்தகையோரைக் காண்பது அரிது. ஆகவே யானைக்கால் வியாதி ஒழிந்தது எனப் பலரும் நிச்சயித்துவிட்டனர். இவ்விஷயத்தில் கண் கூறும் சாக்ஷி செல்லாது. கால் பருத்தவருடைய இரத்தத்திலே பெரும்பாலும் கிருமி இராது. கிருமியைச் சுமப்பவனோ பல்லாண்டு யாதொரு குறியுமின்றி நம்மோடு உண்டு உறங்குவான். கொசு அவனிடமிருந்தே கிருமியைக் கொண்டு செல்கிறது.

1872-ஆம் வருஷம் கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ் இக்கிருமியை மனித இரத்தத்திற் கண்டார். இது பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கி, இரவு பத்து மணிக்குமேல் வெளிப்படுவது. அதனாலன்றோ சுகாதார ஊழியர் அகாலத்தில் வந்து கதவைத் தட்டுகின்றனர்! அவர்களைத் திருடரெனக் கருதி நாயை ஏவுவோரும் உளர். இப்பொழுது பகலிலேயே பத்து நிமிஷத்தில் விடை தரும் பரிசோதனைப் பட்டையும் உண்டு. மருந்து வழங்குவதை நிறுத்தலாமா என்று தீர்மானிக்க, ஆறேழு வயதுப் பாலரை அதனால் சோதிக்கின்றனர். மருந்து வழங்கத் தொடங்கிய பின் பிறந்த குழந்தையிடம் தொற்றிருப்பின், அது புதிதாய்ப் பரவியதே.

முறை நன்றே; ஆனால் அது போதாது என்பது என் துணிபு. இலங்கையைப் பாருங்கள். எட்டு ஜில்லாக்களில் 2002 முதல் 2006 வரை மருந்து கொடுத்தார்கள். 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தேசத்தில் யானைக்கால் ஒரு பொதுஜன சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அங்கீகரித்தது. எனினும், பாலர் பரிசோதனையில் தேறிய காலி ஜில்லாவின் கரையோரத்தில், இரத்தத்தையும் கொசுவையும் நுணுகி ஆராய்ந்தபோது, தொற்று முற்றும் அவியாதிருந்தது புலனாயிற்று. தேர்வில் தேறியவன் பாடத்தை முற்றும் கற்றவனாகான் என்பதை மாணாக்கருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை!

இந்தியா 2027-க்குள் இவ்வியாதியை அகற்றக் கருதியிருக்கிறது. பாலரோடு வயதுவந்தோரையும், விசேஷமாக மாத்திரைக்கும் ஊசிக்கும் ஒளிந்து திரியும் ஆடவரையும் சோதித்தல் வேண்டும். அத்தாட்சிப் பத்திரம் கிடைத்த பின்னரும் சில ஆண்டுகள் இது நடைபெறல் வேண்டும். "நோயில்லாதவனிடம் இரத்தம் ஏன்?" என்று கேட்பவருக்கு, நோயில்லை என்பதையே அத்துளி கொண்டு அறிகிறோம் என விடை கூறலாம். சோதனைக் குழுவினர் நம் தெருவுக்கு வரும் இரவில், கல்லூரி மாணவர் இருவர் விளக்குடன் அவர்களுக்கு முன்னே நடந்து, முதல் வீட்டுத் திண்ணையில் தம் விரலையே முதலில் நீட்டுவார்களாயின், அடுத்த வீட்டுக் கதவு தானே திறக்கும்.