இடிமழையை நம்பித் தீ வைக்கலாமா?

கேள்வி: கரும்பு வெட்டி முடித்துவிட்டேன். மறுதாம்பு விடவேண்டும். மாலையில் இடிமழை பெய்யும் என்று அறிவிப்பு வருகிறது. அன்று மதியம் சோகையைக் கொளுத்தினால், மிச்சத் தீயை மழையே அணைத்துவிடும் அல்லவா?
- வாசகர், துறையூர்

பதில்: அந்த நாளில்தான் கொளுத்தவே கூடாது. கோடை இடிமேகத்தில் மழைக்கு முன்னால் காற்றுதான் வந்து சேரும். மேகத்திலிருந்து குளிர்ந்து இறங்கும் காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். அதுவரை தெற்கிலிருந்து வீசிய காற்று, சில நிமிடங்களில் வடக்கிலிருந்து அடிக்கலாம். காற்றுப் பார்த்து நீங்கள் வைத்த தீ, பக்கத்து வாழைக்கோ வைக்கோல் போருக்கோ ஓடிவிடும். மழையோ நாலு தூறலோடு நின்றும் போகும். இப்படிப் பரவிய தீயில், கொட்டகையில் கட்டியிருந்த மாட்டின் கயிற்றை அறுக்கக்கூட நேரம் கிடைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சோகையை எரிப்பானேன்? ஒரு பார் விட்டு ஒரு பாரில் பரப்புங்கள். ஈரம் நிற்கும், களை குறையும். தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. வரப்பை ஒட்டி ஐந்தாறு அடிக்கு மட்டும் சோகை இல்லாமல் வழித்துவிடுங்கள். பீடித் துண்டு விழுவது அங்கேதான்.

மின்னல் எச்சரிக்கைக்குக் கைப்பேசியில் ‘தாமினி’ செயலி இருக்கட்டும். இடி கேட்டதும் வயலைவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். புளியமரத்தடி வேண்டாம், மாட்டையும் அங்கே கட்டாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மோட்டார் சுவிட்சுப் பக்கம் போகவேண்டாம்.