போன் சொல்லும் ஒரு நம்பரை நம்பித்தான் 5ஜி வேகம்... 6ஜி-யில் என்ன சிக்கல்?

சிக்னல் ஃபுல்லா காட்டுது, 5ஜி-ன்னும் போட்டிருக்கு, ஆனா வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் அதிகம் பேசப்படாத ஒன்று, உங்கள் போன் டவருக்கு அனுப்பும் ஒரு குட்டி ரிப்போர்ட். 6ஜி-க்கான ஆய்வைத் தொடங்கியிருக்கும் 3ஜிபிபி என்ற சர்வதேசத் தரநிர்ணய அமைப்பில், இந்த ரிப்போர்ட்டை யார் எழுதுவது, யாருக்குப் புரிய வேண்டும் என்பதே இப்போது விவாதம்.

5ஜி டவரில் 32, 64 என்று டிரான்ஸ்மிட்டர்கள் வரிசையாக இருக்கும். எல்லாமே ஒரே டேட்டாவை நூலிழை வித்தியாசத்தில் அனுப்பி, நீங்கள் நிற்கும் இடத்தில் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும்படி செய்யும். இதுதான் பீம். ஆனால், சிக்னல் எந்தக் கட்டடத்தில் பட்டு, எப்படித் திரும்பி உங்களிடம் வருகிறது என்பது டவருக்குத் தெரியாது. போனுக்குத்தான் தெரியும். கேட்டதை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்ல போனுக்குத் தெம்பு கிடையாது. பெரிய 5ஜி டவர் 200 வாட்டுக்கு மேலும் அனுப்பும். போன் வழக்கமாக அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட்!

பெயின்ட் கடை டெக்னிக்

பெயின்ட் கடைக்கு போன் போட்டு கலர் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? "இளம்பச்சை, ஆனா ரொம்ப இளசா வேணாம்" என்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஷேடு கார்டைப் பார்த்து நம்பரைச் சொல்வீர்கள். கடைக்காரரிடமும் அதே கார்டு இருக்கிறது. 'கோட்புக்' என்பது அந்த கார்டுதான். முதல் 4ஜி விதிகளில் 4 ஆன்டெனாவுக்கான கார்டில் மொத்தமே 16 ஷேடுகள். சொல்ல 4 பிட் போதும்.

ஆன்டெனா கூடக் கூட கார்டும் தடிமனானது. 5ஜி-யின் முதல் தொகுப்பான ரிலீஸ் 15-ல் இரண்டு வகை வந்தது. டைப் 1, இருப்பதில் கிட்டத்தட்ட பொருந்துகிற ஒரு ஷேடைச் சொல்லும். டைப் 2, சில ஷேடுகளை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று சொல்லும். துல்லியம் அதிகம், ஆனால் பல நூறு பிட் வரை செலவாகும். டைப் 1 அடிப்படையானது, டைப் 2 கட்டாயமில்லை. ஒரே டவருக்குக் கீழே இரண்டு போன்களுக்கு வேகம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ரயிலில் போகும்போது கதை இன்னும் மோசம். 3.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 8.5 சென்டிமீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தை 3 மில்லி செகண்டில் தாண்டிவிடுவீர்கள். ரிப்போர்ட் போய்ச் சேரும்போது அது பழைய கதை! அதனால்தான் ரிலீஸ் 18-ல், சேனல் அடுத்து எப்படி மாறும் என்று முன்கூட்டியே சொல்லும் வசதியையும் டைப் 2-வில் சேர்த்தார்கள்.

'நம்ம நாட்டு 5ஜி-யில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசைதானே, போன் அனுப்புவதைக் கேட்டே டவர் கணித்துவிடாதா?' என்று கேட்கலாம். 3.3 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் ஓரளவு முடியும். ஆனால், 4 ஆன்டெனாவில் கேட்கும் போன் பெரும்பாலும் ஒன்று, இரண்டில்தான் அனுப்புகிறது. டவரிலிருந்து தள்ளியிருந்தால் அதுவும் மங்கல். போனைச் சுற்றி இருக்கும் இரைச்சலும் டவருக்குத் தெரியாது.

ஏஐ வந்தால்?

கார்டே வேண்டாம், போனில் ஒரு ஏஐ சேனலைச் சுருக்கட்டும், டவரில் இன்னொரு ஏஐ அதை விரிக்கட்டும் என்பதுதான் புது யோசனை. ரிலீஸ் 18-லேயே ஆய்வு நடந்தது. ரிலீஸ் 19-ல், ஒரு பக்கம் மட்டும் ஏஐ இருந்தால் போதும் என்கிற வேலைகள் விதியாக்கத்துக்கு நகர்ந்தன. இந்த இரண்டு பக்க ஏஐ மட்டும் மேலும் ஆய்வில் நின்றது.

காரணம், இரண்டு ஏஐ-யும் சேர்ந்து பழக வேண்டும். ஷேடு கார்டு ஊருக்கே பொது. இதுவோ இரண்டு பேருக்குள் பேசி வைத்துக்கொண்ட சங்கேத மொழி. 5 சிப் கம்பெனி, 5 டவர் கம்பெனி என்றால் 25 ஜோடி! மாடலைக் காட்டினால் தொழில் ரகசியம் போய்விடும் என்ற பயம் வேறு. 2024 பார்சிலோனா மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் சமயத்தில் குவால்காமும் நோக்கியா பெல் லேப்ஸும் ஒரு நடுவழியைக் காட்டின: மாடலைக் கொடுக்காமல், அதன் உள்ளீடு-வெளியீடு டேட்டாவை மட்டும் பகிர்ந்து மற்றவர் தனியாகப் பழக்குவது. வேலை செய்கிறது. ஆனால், அந்த டேட்டாவை யாரிடம் பகிர்வது என்பதை முடிவெடுப்பது வைத்திருப்பவர்தான்.

இங்கேதான் நமக்குச் சம்பந்தம். பிஎஸ்என்எல் 4ஜி-க்கு தேஜஸ் நெட்வொர்க்ஸ் டவர் கருவிகள் செய்ய முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், விதிகள் யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்து படிக்கக்கூடியவை. எந்த போனும் எந்த டவரோடும் பேசும். சங்கேத மொழி வந்தால், பெரிய கம்பெனிகளின் ஜோடிகளுக்கு நல்ல வேகம், மற்றவர்களுக்குப் பழைய டைப் 1 என்று ஆகிவிடலாம். சில சதவீத வேகத்துக்காக இதை விட்டுக்கொடுப்பது லாபகரமான பேரமாகத் தெரியவில்லை. குறைந்தபட்சம், பழக்குவதற்கான டேட்டா அல்லது ஒரு மாதிரி மாடலாவது விதிப் புத்தகத்திலேயே பொதுவில் இருக்க வேண்டும்.

2025 மார்ச்சில் தென்கொரியாவின் இன்சியானில் 3ஜிபிபி-யின் 6ஜி கூட்டம் நடந்தது. ரிலீஸ் 20 ஆய்வுக்கானது. முதல் 6ஜி விதிகள் ரிலீஸ் 21-ல்தான் வரும். ரிப்போர்ட்டுக்குப் பொது கார்டா, தனி மொழியா என்பது அதற்குள் முடிவாக வேண்டும்.