வேகத்தின் விலையை ஓட்டுபவர் கொடுக்கட்டும்

கோடை வந்துவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு பாத்தியில் கால் வைக்க முடியாது. அதனால் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் இருட்டோடு இருட்டாகக் கிளம்புகிறார்கள். பழைய எக்ஸ்.எல். வண்டியில் கணவன், பின்னால் மனைவி, இருவருக்கும் நடுவில் கஞ்சித் தூக்கு. பின்விளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தோ அதன் ஓரமாகவோ தான் இவர்கள் களத்துக்குப் போயாக வேண்டும். அதே இருட்டில், அதே சாலையில், வார இறுதியைப் புதுச்சேரியில் கழித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் கார்களும் வருகின்றன.

இந்த இரு வண்டிகளும் கட்டும் காப்பீட்டுப் பிரீமியத்தைப் பாருங்கள். 2022 ஜூனில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 714 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். இன்ஜின் எவ்வளவு பெரியது என்பது மட்டுமே கணக்கு. அந்தக் காரை ஓட்டுபவர் இருபது வருடமாக ஒரு சலான்கூட வாங்காதவரா, ஒரே ஆண்டில் மூன்று முறை அதிவேகத்துக்காகப் பிடிபட்டவரா என்று யாரும் பார்ப்பதில்லை. இருவருக்கும் ஒரே தொகைதான். அடிபட்டவருக்கு இழப்பீடு போவது எல்லோரும் சேர்ந்து போட்ட இந்தப் பணத்திலிருந்துதான். அப்படியானால், கவனமாக ஓட்டுபவரும், எக்ஸ்.எல். ஓட்டும் உப்பளத் தொழிலாளியும் கட்டுகிற காசு, பொறுப்பில்லாமல் ஓட்டுபவரின் செலவையும் சேர்த்துச் சுமக்கிறது. இது அநீதி.

இதற்கு மாற்று இருக்கிறது. சாலைக் குற்றங்களுக்கான தண்டப்புள்ளி ஓட்டுநர் உரிமத்தில் ஏற வேண்டும். அந்தப் புள்ளிக் கணக்கு, ஓட்டுபவர் வாய் திறந்து சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அரசுப் பதிவேட்டிலிருந்து நேரே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். பிரீமியம் அதற்கேற்ப ஏறவும் இறங்கவும் வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? காப்பீட்டு விண்ணப்பப் படிவத்தில், ஓட்டுபவர் இதற்கு முன் விபத்தில் சிக்கியிருக்கிறாரா, தண்டனை பெற்றிருக்கிறாரா, வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்ற கேள்வி பழைய காலந்தொட்டே உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அந்தப் படிவம் நிரப்பப்படும் விதம் ஊரறிந்தது. ஏஜென்ட் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். கேள்விகளுக்கு நேராக வரிசையாக ‘இல்லை’ என்று டிக் விழும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, ‘இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்பார். முடிந்தது. கைப்பேசியில் புதுப்பித்தால் வண்டி எண்ணும் ஓ.டி.பி.யும் போதும். காப்பீடு என்பதே இரு தரப்பும் உண்மையை மறைக்காமல் சொல்வதன் மேல் நிற்கும் ஒப்பந்தம். அந்த அடித்தளம் நம் ஊரில் வெறும் கையெழுத்தாகிவிட்டது. விபத்து நடந்து, இழப்பீடு கேட்கும்போதுதான் அந்த ‘இல்லை’ நினைவுக்கு வருகிறது.

தண்டப்புள்ளி நமக்குப் புதிய சிந்தனை அல்ல. 2014இல் நடுவண் அரசு கொண்டுவந்த சாலைப் போக்குவரத்து மற்றும் பாதுகாப்பு மசோதா வரைவில் அது இருந்தது. மசோதா சட்டமாகவில்லை. 2017 ஆகஸ்டில் தெலங்கானா, 24 மாதங்களில் 12 புள்ளி சேர்ந்தால் உரிமத்தை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கும் முறையைத் தொடங்கியது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியது. ஹெல்மெட் போடாததற்கே மூன்று மாத உரிமத் தகுதியிழப்பு என்று எழுதி வைத்தது. ஆனால் புள்ளி முறையைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. பணக்காரருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. உப்பு வாருபவருக்கு அது சில நாள் கூலி. எந்தப் பணத்தாலும் அழிக்க முடியாத ஒரு கணக்கு உரிமத்தில் சேர்ந்துகொண்டே போனால்தான் இருவரும் ஒரே அளவுக்கு அஞ்சுவார்கள்.

காப்பீட்டோடு இதை இணைக்கும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 2021 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பணிக்குழு ஒரு வரைவை வெளியிட்டது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று வகைப்படுத்தி, சேரும் புள்ளிக்கேற்ப ‘போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்’ வசூலிக்கலாம் என்றது. முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னது. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

அந்த வரைவின் நோக்கத்தை ஆதரிக்கிறோம். அதன் அமைப்பை ஏற்க முடியாது. அது புள்ளியை வண்டியின் மீது ஏற்றி, பணத்தை வண்டி உரிமையாளரிடம் கேட்டது. நம் வீடுகளில் ஒரு வண்டியை அப்பா, பிள்ளை, மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேர் ஓட்டுகிறார்கள். கேமரா பிடிப்பது நம்பர் பிளேட்டை. இ-சலான் போவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு. மகன் செய்த தவறுக்குத் தாயின் பிரீமியம் ஏறினால், வீட்டில் ஒரு சண்டை நடக்குமே தவிர, மகன் வேகத்தைக் குறைக்க மாட்டான். வண்டியை விற்றுவிட்டால் புள்ளியும் அதோடு போய்விடும், ஓட்டியவர் புது வண்டியில் சுத்தமான கணக்கோடு தொடங்குவார். சலான் பெற்ற உரிமையாளர் குறிப்பிட்ட நாளுக்குள் ஓட்டியவரின் உரிம எண்ணைத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால்தான் அவர் பொறுப்பு என்று விதி செய்வதே முறை.

தமிழர்கள் வாழும் இரு நாடுகளில் புள்ளியையும் காப்பீட்டையும் எப்படி இணைக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். பிரிட்டனில் அதிவேகத்துக்குக் குறைந்தது 3 புள்ளி உரிமத்தில் ஏறும். மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால் பொதுவாக ஆறு மாதத்துக்காவது ஸ்டியரிங்கைத் தொட முடியாது. காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது அந்தப் புள்ளிகளைச் சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டின் சட்டப்படி, தெரிந்தே மறைத்தவரின் ஒப்பந்தத்தையே நிறுவனம் ரத்து செய்யலாம். அங்கும் சொல்லாமல் விடுபவர்கள் இருந்ததால்தான், உரிம எண்ணை வைத்து நிறுவனமே அரசுப் பதிவேட்டில் சரிபார்க்கும் வழி வந்தது. சிங்கப்பூரிலோ தண்டனையோடு பரிசும் உண்டு. மூன்று ஆண்டு ஒரு புள்ளியும் இல்லாமல் ஓட்டியவருக்கு நற்சான்று தருகிறார்கள், அதைக் காட்டினால் காப்பீட்டில் 5 சதவீதத் தள்ளுபடி. நம் ‘நோ கிளெய்ம் போனஸ்’ இழப்பீடு கேட்காததற்கு மட்டும் தரப்படும் சலுகை. அதுவும் சொந்தச் சேதக் காப்பீட்டுக்குத்தான். ஒழுங்காக ஓட்டியதற்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் இங்கே யாரும் பத்து பைசா குறைப்பதில்லை.

உரிமம் நிறுத்தப்பட்டால் காப்பீடு என்ன ஆகும் என்பதை மக்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்குத் தனிக் குழு அமைத்தது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசி பேசியபடி ஓட்டுதல், குடிபோதை, அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்த வேண்டும் என்று அக்குழு 2015இல் மாநிலங்களைப் பணித்தது. நல்ல உத்தரவு. ஆனால் தகுதியிழந்த உரிமத்தோடு ஓட்டி ஒருவரை மோதினால், நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவாக்கிய சட்டம். லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகைக்கு வீடும் மனையும் போகலாம். விடியற்காலையில் பேருந்து இல்லாத ஊரில், உரிமம் நிறுத்தப்பட்டவர் மறுநாள் வண்டியை எடுக்காமல் எப்படி வேலைக்குப் போவார்? நிறுத்த உத்தரவு தரும்போதே இந்த ஆபத்தைத் தமிழில், ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டியது போக்குவரத்துத் துறையின் கடமை.

ஆகவேதான் எல்லாக் குற்றத்துக்கும் புள்ளி என்பதை எதிர்க்கிறோம். உயிரைப் பறிக்கும் குற்றங்களுக்கு மட்டும் புள்ளி போதும். வேகம், போதை, எதிர்த்திசை, சிவப்பு விளக்கு, கையில் கைப்பேசி. நிறுத்துமிடத் தவறும், கையில் இல்லாத காகிதமும் அபராதத்தோடு முடியட்டும். ஹெல்மெட் போடாதவர் ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் தன்னைத்தான், அதற்காக மூன்றாம் நபர் பிரீமியத்தை ஏற்றுவதில் நியாயமில்லை.

உப்பு லாரிகளுக்கும் தனிக் கணக்கு வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்பவர் லாரி ஓட்டுநர் அல்லர். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ‘ஏத்தாதீங்க’ என்று சொன்னால் அடுத்த நடை வேறொருவருக்குப் போகும். அதிக பாரத்துக்கான புள்ளி ஓட்டுநரின் உரிமத்தில் ஏறக் கூடாது. லாரி உரிமையாளரின் பெர்மிட்டிலும் காப்பீட்டிலும் ஏற வேண்டும்.

கேமரா தவறாகப் பிடிக்கும், போலீசார் கணக்குக் காட்டப் புள்ளி போடுவார்கள், லஞ்சம் கூடும் என்ற அச்சங்கள் வெற்று அச்சங்கள் அல்ல. புள்ளியின் மதிப்பு உயர உயர, சாலையோரத்தில் அதைத் தவிர்க்கக் கொடுக்கும் தொகையும் உயரும். அதனால் முதல் கட்டத்தில், பதிவு ஆதாரம் உள்ள குற்றங்களுக்கே புள்ளி தர வேண்டும். மின்னணுக் கண்காணிப்பில் பிடிபட்டால் 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. அறிவிப்பு போகாத புள்ளி செல்லாது, மேல்முறையீடு முடியாமல் எதுவும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகாது என்று அதையும் சட்டத்தில் எழுதிவிடலாம். நிறுவனத்துக்குப் போக வேண்டியது புள்ளி எண்ணிக்கை மட்டுமே. யார், எங்கே, எத்தனை மணிக்குப் போனார் என்பது அவர்களுக்குத் தேவையில்லை.

இதற்கான கருவிகள் எல்லாம் அரசின் கையில் இருக்கின்றன. உரிமங்கள் ‘சாரதி’ தளத்திலும் வண்டிகள் ‘வாகன்’ தளத்திலும் பதிவாகியுள்ளன. மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைப் பிரீமியத்தை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்து நிர்ணயிக்கும் அதிகாரத்தை 147ஆம் பிரிவு நடுவண் அரசுக்குத் தந்திருக்கிறது. அந்த அடிப்படையின் மேல் புள்ளிக்கான கூடுதலையும், சுத்தக் கணக்குக்கான தள்ளுபடியையும் சேர்ப்பதே மிச்சமுள்ள வேலை. புதுக் காருக்கு மூன்று ஆண்டும் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டும் ஒரேயடியாகக் காப்பீடு கட்டப்படுவதால், கூடுதல் தொகையை ஆண்டுதோறும் தனியே வசூலிக்கவும் வழி செய்ய வேண்டும்.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை 2,157 கோடி ரூபாயில் நான்கு வழியாக்க நடுவண் அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் தந்துவிட்டது. சாலை அகலமானால் வேகம் கூடும். அதைக் கடந்து களத்துக்குப் போகிறவர்களின் கால்களின் வேகம் கூடப் போவதில்லை. தமிழ்நாடு அரசு இந்தச் சாலையையே சோதனைக் களமாகக் கேட்டுப் பெற வேண்டும். நான்கு வழிப் பணி முடிவதற்குள் மாமல்லபுரம் முதல் புதுச்சேரி எல்லை வரை வேகக் கேமராக்களை நிறுவி, அவற்றில் பதிவாகும் குற்றங்களை ஓட்டியவரின் உரிமத்தில் ஏற்றி, அடுத்த பிரீமியத்தில் அதைக் காட்ட நடுவண் அரசிடம் அனுமதி கோர வேண்டும்.